நூதனசாலையும் லயத்துப் பழம்பொருளும்

சென்னை எழும்பூரில் அமைந்துள்ள அரசாங்க அருங்காட்சியகத்தை அந்நகரத்துப் பாமர மக்கள் நெடுங்காலம் ‘செத்த காலேஜ்’ என்றே வழங்கி வந்தனர். மிருகக்காட்சிச்சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. இரண்டும் ஒரே வளவிற் பிறந்தவை. 1851ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கிய எட்வேட் பல்போர் என்னும் மருத்துவரே நான்காண்டுகள் கழித்து விலங்குகளையும் அங்கே கொணர்ந்து வைத்தார். உயிரோடிருப்பனவற்றுக்கு ஒரு காலேஜ், உயிர் போனவற்றுக்கு இன்னொரு காலேஜ் என்று அம்மக்கள் வகுத்துக்கொண்டதைக் கற்றோர் நகைக்கலாம். யான் நகைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்த பொருள் தன் உயிரை இழந்துவிடுகின்றது என்னும் உண்மையை அவர்கள் எவ்வித நூலையும் படியாமலே கண்டுகொண்டார்கள்.

இலங்கையில் வாழும் நாம் அதனை ‘நூதனசாலை’ என்கிறோம். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பிலே சொற்பொருள் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில் மாணவனொருவன் எழுந்து, “சேர், நூதனம் என்றால் புதுமை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பழைய சாமான்களை வைக்கும் இடத்துக்கு ஏன் அந்தப் பெயர்?” என்று வினவினான். அன்றாடம் காணாத ஒன்றைக் காண்பதனால் காண்போனுக்கு அது புதுமையாகின்றது என்று ஒருவாறு விடையிறுத்தேன். அவன் அமரவில்லை. “அப்படியென்றால் எங்கள் அம்மாயியின் அம்மியும் ஆட்டுக்கல்லும் அங்கே ஒருநாளும் போகாது, சேர். அவற்றை நாங்கள் தினமும் பார்க்கிறோம்” என்றான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். வீடு சென்ற பின்னர் அச்சொல் என்னை விட்டபாடில்லை. இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலராசிரியர் கேட்டபோது, தொல்காப்பியத்தையோ கம்பனையோ விடுத்து இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அம்மாணவனே காரணன்.

மக்களினவியல் அரும்பொருளகம் என்பது மன்னர்களின் முடியையும் வாளையும் வைப்பதற்கு ஏற்பட்டதன்று. ஒரு மக்கட் கூட்டத்தார் உண்ட கலம், உடுத்த துணி, உழைத்த கருவி, கொட்டிய பறை, பூண்ட நகை ஆகியவற்றைத் திரட்டி, அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காட்டுவதே அதன் பணி. பணி நல்லதே; ஆயின் அதன் பிறப்பு அவ்வளவு தூயதாக இருந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைவராயிருந்த எட்கர் தேஸ்டன் என்னும் ஆங்கிலேயர், அங்கு வேடிக்கை பார்க்க வந்த மக்களையே பிடித்து நிறுத்தி அவர்களுடைய மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் தலையின் சுற்றளவையும் கருவி கொண்டு அளந்தார். ஊரூராகச் சென்றும் அளந்தார். ரங்காச்சாரி என்பாரின் துணையோடு அவர் எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதனுள் அரிய செய்திகள் பல உள என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பொருளைக் காண வந்தவனைப் பொருளாக்கிய செயல் அது. அதே ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு நம் முன்னோர் இத்தீவின் மலைகளுக்கு ஏறிக்கொண்டிருந்தனர் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். அங்கே அளவுகோல் மூக்கில் வைக்கப்பட்டது. இங்கே தராசு கொழுந்தில் வைக்கப்பட்டது.

நம் நாட்டு வேடருக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. அவர்தம் முன்னோரின் மண்டையோடுகளையே ஐரோப்பியர் ஆராய்ச்சிக்கென்று கொண்டு சென்றனர். எடின்பரோப் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது மண்டையோடுகளை 2019ஆம் ஆண்டில் வேடர் தலைவர் வன்னில அத்தோவிடம் திருப்பி ஒப்படைத்தது. 2023இல் ஒல்லாந்து நாடு, கண்டியிலிருந்து 1765இற் கவர்ந்து சென்ற லேவ்கே பீரங்கி முதலிய ஆறு பொருள்களை மீளக் கையளித்தது. கொண்டு சென்றவர்கள் திருப்பித் தரும் காலம் இது. ஆனால் நம்மவருடைய பொருளை எவரும் கொண்டு சென்றதில்லை. கொண்டு செல்லத்தக்கதாக எவருக்கும் அது தோன்றியதில்லை. இவ்விரண்டில் எது பெரிய அவமதிப்பு என்று என்னால் துணிந்து கூற முடியவில்லை.

கொழும்பு நூதனசாலையை ஆள்பதி வில்லியம் கிரெகரி 1877ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாந் திகதி திறந்து வைத்தார். அதன் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் தமக்கு வேண்டிய கைம்மாறாக வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடிவைக்குமாறு மட்டும் கேட்டார் என்னும் வரலாற்றை நம் முஸ்லிம் நண்பர் பெருமையோடு சொல்வர். கண்டியில் அரசியர் வாழ்ந்த பல்லே வாசலும் 1942 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கே கண்டிய மக்களின் அணிகலன், அரக்கு வேலை, தந்த வேலை, நெசவு எல்லாம் கண்ணுக்கு விருந்து. நம் மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவிடைக் கிராமத்தார் நகத்தால் அரக்கை இழுத்துப் பூவேலை செய்யுந் திறனை அங்கு கண்டு யான் வியந்து நின்றதுண்டு. பக்கத்து ஊரானின் கைத்திறனைக் கண்டியிற் கண்ணாடிக்குள் வைத்த பின்னரே அறிந்தேன் என்று சொல்ல நாணமாகத்தான் இருக்கின்றது.

இக்கைத்தொழில்களின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர் ஒரு தமிழர் மகன். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்து, கல்லை ஆராயச் சென்ற ஊர்களிலெல்லாம் கலையையும் ஆராய்ந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அந்நூலுக்காகச் சிங்கள மக்கள் அவருக்குக் கடமைப்பட்டுள்ளனர். நாமும் அதில் மகிழ்வோம். அவர் ஏறியிறங்கிய அதே மலைகளின் மறுபுறத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில் பல இலட்சம் தமிழர் வாழ்ந்தனர். அவர்களும் பாடினர், தப்படித்தனர், காமன் கூத்தாடினர், பொன்னர் சங்கர் கதையை விடிய விடிய நடித்தனர். அதனைத் தொகுத்து வைக்க அன்று ஒரு குமாரசுவாமி இருந்திலர். பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியதனாற் பாட்டாவது ஓரளவு தப்பிற்று. மாத்தளைச் சோமு, வடிவேலன், மலரன்பன் முதலிய நம்மூர் எழுத்தாளர் கதைகளினூடே வாழ்க்கை ஓரளவு தப்பிற்று. பொருள்கள் தப்பவில்லை.

ஒருகால் வாசகர் கேட்கலாம்: ஏழைக் கூலிக்குப் பொருள் என்று என்ன இருந்தது? இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மட்டக்கம்பு, கொழுந்துக் கூடை, மழைக்குத் தலையிற் கொங்காணியாகப் போட்ட கம்பளி, இடுப்பிற் கட்டிய படங்கு, பெரட்டுக்கு அழைத்த தப்பு, இஸ்தோப்பில் கிடந்த உரல், பிள்ளைக்காம்பராவில் தொங்கிய ஏணை, கங்காணியின் வெள்ளிப்பூண் பிரம்பு, செக்ரோலில் விழுந்த பேரும் அரைப்பேரும், கடன் கணக்கெழுதிய துண்டு. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நூலுக்குரிய செய்தியை உள்ளடக்கியது. துண்டு என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனைக் கொண்டு செல்லலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சிறு தாள் அது. அத்தாள் கைமாறினால் மனிதன் கைமாறினான். 1921இற் சட்டம் அம்முறையை ஒழித்தது. அத்தகைய துண்டொன்றைக் கண்ணாற் கண்ட மாணவர் நம் கல்லூரியில் எத்தனை பேர்?

மாத்தளையில் இருப்போர்க்கு இவ்விடயத்திலே தனியொரு கடமையுண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே கால்நடையாக வந்து மலைநாட்டைக் கண்ட வாயில் நமது மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர்க்குக் கணக்கில்லை. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றி, அப்பயிர் மெல்ல மெல்ல அழிந்து தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தன. வந்த மக்கள் மட்டும் இங்கேயே நின்றனர். 1874இல் அவர்கள் எழுப்பிய முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தன்று வீதி வலம் வருங் காட்சியை நாமெல்லாம் அறிவோம். 1983 ஆடியில் அக்கோயிலுக்கு நேர்ந்ததையும் அறிவோம். அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஆடித் திங்களில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மக்கள், அப்பழைய வழியிலேயே நடந்து ஆவணி 12ஆந் திகதி மாத்தளையை வந்தடைந்தனர். யான் வீதியோரத்தில் நின்று அவர்களைக் கண்டேன். காலிற் கொப்புளத்தோடு வந்த ஒரு முதியவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “இங்கே நம்ம ஆளுகளைப் பற்றிப் பார்க்கிறதுக்கு ஏதும் இருக்கா, தம்பி?” என்று கேட்டாள். கோயிலைக் காட்டினேன். “அது சாமிக்கு” என்றாள்.

உக்குவளையில் வாழும் யான் என் ஊரையே சான்றாகத் தருகின்றேன். பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்து வரும் மகாவலி நீர் உக்குவளை மின்னிலையத்திலே சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுதுகங்கையில் வீழ்வது 1976 முதல் என்பதை எந்த மாணவனும் தப்பாது ஒப்புவிப்பான். நம்மூரைக் கடந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1880 என்பதையும் சிலர் சொல்வர். அந்த இருப்புப்பாதைக்கு மண் சுமந்தவர் யார், அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியனும் அமைதியாகிவிடுவான்.

நம்மவர்க்கென ஒரு காட்சியகம் எங்குமே இல்லை என்று கூறுவது பிழை. கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமும் ஆவணக் காப்பகமும் தொடங்கப்பெற்றன. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் செய்த அரும்பணி அது. பழைய லயமொன்றையே அவர்கள் காட்சியகமாக்கினர். கம்பளையைத் தெரிந்தது பொருத்தமும் ஆகும். ஜோர்ஜ் பேர்ட் என்பார் 1823 அளவிற் கோப்பித் தோட்டம் போட்ட சிங்ஹாபிட்டிய அங்கேதான் உள்ளது. இதனோடு, கண்டி ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை நூதனசாலையை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. 1925இற் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை அது. பழைய உருளைகளும் நீராவிப் பொறிகளும் எண்ணெய் பூசப்பெற்றுப் பளபளவென நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் உரிய மரியாதையோடு வைக்கப்பட்டுள்ளன. பொறிகளை யான் இகழவில்லை, டெயிலரையும் இகழவில்லை. கொழுந்து ஸ்டோருக்கு வந்த பின்னர் என்ன ஆகின்றது என்பதை அங்கே தெளிவாகக் கற்கலாம். அக்கொழுந்து ஸ்டோருக்கு எவ்வாறு வந்தது என்பதைக் கற்கப் பீக்கொக் தோட்டத்துக்குப் போதல் வேண்டும். கல்விச் சுற்றுலா என்று மாணவரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் ஹந்தானையோடு திரும்பிவிடுவதை யான் கண்டிருக்கின்றேன். ஏற்றிச் சென்றவருள் யானும் ஒருவன்.

பீக்கொக் தோட்டத்துக்கு முதன்முறை சென்றபோது என் மனம் இரண்டுபட்டது. ஒரு காம்பராவிற் கூடையும் கலயமும் கருவியும் தப்பும், தலைவர்களைப் பற்றிய ஆவணங்களும் முறையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்தது. வெளியே வந்தால், அதே போன்ற லயங்களில் இன்றும் அடுப்புப் புகைகின்றது. குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றன. மக்கள் இன்னும் குடியிருக்கும் ஒரு வீட்டு வகையை, முடிந்துபோன காலத்துப் பொருள் போலக் காட்சிக்கு வைக்கலாமா? வறுமையை வேடிக்கை காட்டுவதாகாதா? என்னுடன் வந்த நண்பரொருவர், தொழிற்சங்கத்தில் ஈடுபாடுள்ளவர், இதனையே கடுமையாகக் கேட்டார். “முதலில் கூரை, பிறகு கண்ணாடிப் பெட்டி” என்பது அவர் கட்சி.

அவர் கட்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் இருப்போனிடம் மரபுச் செல்வத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமுடையார் செயலன்று. ஆயினும் நண்பர் ஒன்றை மறந்தார். கூரை கேட்பதற்கும் சான்று வேண்டும். இதுகாறும் நம் மக்களை அலைக்கழித்தது சான்றின்மையே. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது போற் காட்டி, மணமாகாதவராயின் பத்தாண்டும் மணமானவராயின் ஏழாண்டும் 1946ஆம் ஆண்டு தொடங்குமுன் இடையறாது இங்கு வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. எதைக் கொண்டு நிறுவுவது? பிறப்புச் சான்றிதழ் இல்லை. காணி உறுதி இல்லை. வாடகைச் சீட்டும் இல்லை. செக்ரோலோ துரையின் பெட்டகத்திற் கிடந்தது. விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர். பின்னர் 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் கதையை 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் முடித்துவைக்க மேலும் நாற்பதாண்டு சென்றது. தாளொன்று இல்லாமையால் தாயகம் இழந்த மக்கள், தம் வீட்டிலுள்ள பழந்தாளைக் கடலை சுற்றக் கொடுக்கலாகுமா?

மொரீசியசைப் பாருங்கள். அங்கும் நம்மவர் கரும்பு வெட்டச் சென்றனர். அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றமையால், ஒவ்வொருவரின் பெயர், ஊர், வயது ஆகியவற்றை அரசாங்கம் ஏட்டிற் பதிந்தது. பிற்காலத்தவரின் நிழற்படங்களும் உள. அவ்வேடுகள் இன்று மகாத்மா காந்தி நிறுவகத்திலே காக்கப்படுகின்றன. கப்பலிலிருந்து இறங்கியோர் ஏறிய 16 படிகளையுடைய அப்பிரவாசித் துறையை 2006இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பேரன் சென்று தன் பாட்டனாரின் பெயரைச் சொன்னால் ஏட்டைப் புரட்டிக் காட்டுவதற்கு ஆளுண்டு. இலங்கைக்கு வந்தோரைக் கங்காணி அழைத்து வந்தான். அவர்கள் பெரும்பாலும் அவனுடைய கடன் கணக்கிலே வரிகளாக நின்றனர்; கணக்குத் தீர்ந்ததும் ஏடும் போயிற்று. ஆகவே நமக்கு ஏடு இல்லை. வீட்டுப் பெட்டியின் அடியிற் கிடக்கும் பொருள்தான் ஏடு. மொரீசியசிலே அரசாங்கக் காப்பகம் செய்யும் பணியை இங்கே அம்மாயியின் வெற்றிலைப் பெட்டி செய்து வந்திருக்கின்றது.

இதனை எழுதுவோன் குற்றமற்றவன் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. என் அம்மாயியின் வெற்றிலைப் பெட்டியிலே துளையிட்ட தகரவட்டம் ஒன்று கிடந்தது. அவளுடைய தந்தையார் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்ததாம். மண்டபம் முகாமில் ஆட்களைத் தங்கவைத்து நோய் பார்த்து, தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத்துண்டைக் கொடுத்து அனுப்புவது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கமாயிருந்தது. அதனைக் காட்டினால் தோட்டத்தின் செலவிலே வண்டியிலேற்றி உரிய இடத்துக்குச் சேர்ப்பர். பொதிக்கு முகவரி ஒட்டி அனுப்புதல் போல. சிறுவராகிய நாங்கள் அதனை நூலிற் கோத்து ஆட்டுக்குட்டியின் கழுத்திற் கட்டி விளையாடுவோம். அம்மாயி கண்டால் வைவாள். பிறகு வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். ஆட்டின் கழுத்துக்கும் மனிதன் கழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவள் எங்களுக்கு விளக்கியதில்லை. அவள் மறைந்த பின்னர், யான் ஆசிரியப் பயிற்சி முடித்து நியமனம் பெற்றதும், லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியிலே கட்டிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். புதுவீட்டில் பழைய சாமான் எதற்கு என்று பழைய இரும்பு வாங்க வந்தவனிடம் பித்தளைச் செம்பு, அரிக்கன் லாம்பு, அந்தப் பெட்டி, அதனுள் இருந்தது எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தவன் யானே. இரண்டு பிளாஸ்ரிக் பேசின்கள் தந்தான். ஒன்று இன்னும் எங்கள் கிணற்றடியில் இருக்கின்றது. வட்டத்திற் பொறித்திருந்த இலக்கம் என்னவென்று எனக்கு நினைவில்லை. அவ்விலக்கம் தெரிந்திருப்பின் பாட்டனார் முதலில் வந்து சேர்ந்த தோட்டம் எதுவென்று தேடியிருக்கலாம். இன்று தேட வழியில்லை.

ஆதலின் என் கருத்து இது. தலைநகரிலோ பிற நகரிலோ பெருங்கட்டடம் எழும் என்று நாம் காத்திருத்தல் ஆகாது. காத்திருக்குங் காலத்தில் இரும்பு வாங்குபவன் காத்திருப்பதில்லை. இந்தியாவுக்குப் புறப்பட்டவர்கள் விட்டுச் சென்ற உரலும் அம்மியும் அயலவர் முற்றங்களில் மண்ணிற் புதைந்து கிடக்கின்றன. லயங்கள் இடிபடும்போது அவையும் அத்திவாரத்துக்குக் கல்லாகிவிடும். கல்லூரியின் இவ்விழாவை நினைவூட்ட நுழைவாயிலில் வளைவு ஒன்று கட்ட வேண்டும் என்று பழைய மாணவர் சிலர் விரும்புவதை அறிவேன். வளைவு அழகியதே. அதற்கு முன்னர், பழைய நூலகக் கட்டடத்தின் பின்னறையை வெள்ளையடித்து, பூட்டுள்ள இரு அலுமாரிகளும் ஒரு நீண்ட மேசையும் வாங்கித் தருவார்களாயின் அதுவே போதும் என்பேன். கட்டத்தகும் வளைவு அடுத்த விழாவரை காத்திருக்கும். எண்பதைக் கடந்த பாட்டிமார் காத்திரார்.

அவ்வறை ‘செத்த காலேஜ்’ ஆகாதிருக்கச் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். பொருளினும் பொருளுக்குரியவரின் பெயரே பெரிதென்பது முதல் நெறி. ‘கொழுந்துக் கூடை’ என்று மட்டும் எழுதிவைத்தால் அது கடைச்சரக்கு. எத்தோட்டம், எம்மலை, யார் சுமந்தது, எத்தனை ஆண்டு சுமந்தது, யார் பின்னியது என்று எழுதினால் அது வரலாறு. கொடுக்க மனமில்லாதவரை வற்புறுத்தலாகாது. பொருள் அவர் வீட்டிலேயே இருக்க, நிழற்படமும் விவரமும் மட்டும் நம் ஏட்டிற் பதிவாகட்டும். வேண்டும்போது திருப்பிக் கேட்கும் உரிமையும் அவர்க்கு இருக்கட்டும். பெயர்ப்பலகை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அமைதல் நன்று. நம் அயலிலுள்ள சிங்கள மாணவர் ஒருநாள் வந்து பார்ப்பாராயின், நாம் கண்டியிலே ஹப்புவிடை அரக்கைக் கண்டு வியந்தது போல அவர்களும் வியக்கட்டும். பித்தளையைப் புளியிட்டு விளக்கிவிடுவது நம் பெண்டிர்க்குக் கைவந்த பழக்கம். இங்கே அது கூடாது. பழைய தாள்களைப் பாதுகாப்பதாக எண்ணிப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துச் சூடேற்றி ஒட்டிவிடுகின்றார்கள். அதைப்போற் கேடு பிறிதில்லை. ஒட்டியதைப் பிரிக்க முடியாது. உள்ளேயுள்ள தாள் மஞ்சளித்துப் பொடியும். மாத்தளையின் மழைக்கால ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அஞ்சி அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நிறுத்துதல் வேண்டும். குரலும் பொருளே. மாணவர் எல்லாரிடமும் கைத்தொலைபேசி உண்டு. அதனை ஒரு மாலைப்பொழுதாவது பாட்டியின் வாயருகே பிடிப்பார்களாக.

ஸ்ரொக்கோம் நகரில் 1891இல் ஆதர் ஹசேலியஸ் என்பார் நாட்டுப்புறத்துப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து ஸ்கான்சன் என்னுந் திறந்தவெளிக் காட்சியகத்தை அமைத்தார். போபாலிலுள்ள தேசிய மனித அரும்பொருளகத்திலே பழங்குடி மக்கள் தாமே வந்து தம் வீடுகளைக் கட்டித் தந்தனர். நம் கொக்கலையில் மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்களின் நினைவாக, தென்னிலங்கை உழவரும் மீனவரும் பயன்படுத்திய பொருள்கள் அவர் பிறந்த ஊரிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஓர் எழுத்தாளர் தம் ஊருக்குச் செய்ய முடிந்ததை ஒரு கல்லூரி தன் ஊருக்குச் செய்ய முடியாதா?

சோதனையாக இவ்வாண்டு முதலாந் தவணையில் என் வகுப்பு மாணவரை வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொணருமாறு பணித்தேன். முதல் நாள் ஐவர் மட்டுமே கொணர்ந்தனர். ஏனையோர் தம்மிடம் ஒன்றுமில்லை என்றனர். ஒருத்தி இடைவேளையில் வந்து, “பொருள் இருக்கிறது, சேர். ஆனால் கொண்டுவந்தால் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும்” என்றாள். அவள் வருகைப் பதிவேட்டில் முகவரியைத் தோட்டத்தின் பெயரால் எழுதாது வீதியின் பெயரால் எழுதியிருப்பவள். யான் அவளுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. மறுநாள் அவ்வகுப்பில் என் தகரவட்டத்தின் கதையை, ஆட்டுக்குட்டியையும் பேசினையும் விடாமற் சொன்னேன். அதன் பின்னர் வந்தவற்றை வைக்க மேசை போதவில்லை. அப்பெண் தன் பாட்டியின் கம்பளியைக் கொணர்ந்தாள். மழையும் புகையும் ஏறிய மணம் அதில் இன்னும் இருந்தது. முதற்கண் கேள்வி கேட்ட அம்மாணவன் அம்மியைத் தூக்க முடியாமற் குழவியை மட்டும் தோளிற் சுமந்து வந்தான். தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைக் காகிதத்திற் சுற்றிக் கொணர்ந்த ஒருவன் மட்டும் வாயிலிலேயே மாணவத் தலைவரிடம் அகப்பட்டு அதிபர் அறைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அதிபர் அவர்கள் கத்தியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் தகப்பனாரும் இதே போன்றதொன்றை வைத்திருந்தார் என்று கூறி அவனை வகுப்புக்கு அனுப்பினார்.

ஏட்டில் இதுவரை 43 பொருள்கள் பதிவாகியுள்ளன. பழைய மாணவர் தத்தம் வீட்டுப் பரண்களை ஒருமுறை பார்த்து, கிடைப்பதை வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை கலைந்த பின் தமிழ்த்துறை அறையிற் சேர்ப்பிக்கலாம். வெளிநாட்டில் வதிவோர் தங்களிடமுள்ள கடவுச்சீட்டு, மண்டபம் முகாம் அட்டை முதலியவற்றின் நிழற்படத்தை அனுப்பலாம். கத்தி, முள்ளு முதலியன கொணர்வோர் அதிபருக்கு முன்னரே அறிவித்துவிட்டுக் கொணர்வது நலம்.